அருந்ததியின் அரையிறுதிப் பாட்டு

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் பாண் வாங்கப் போனவர்கள் சும்மா திரும்பி வர முடியாது. முதலாளி பாணைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்: "எங்க நங்கிக்கு ஓட்டுப் போட்டதா?"

அவர் சிங்களவர். தமிழ்ப் பாட்டில் ஒரு வரியும் அவருக்கு விளங்காது. ஆனால் கடைக்குள் உயரத்தில் பூட்டியிருந்த டீவீயில் தமிழ்ப் பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதில் பாடிக்கொண்டிருந்த அருந்ததி தினமும் அவரிடம் பாண் வாங்கிய பிள்ளை. அதனால் அவருக்கு அவள் நங்கி, தங்கச்சி. எஸ்எம்எஸ் அனுப்பப் போனில் காசில்லை என்று யாராவது சொன்னால், தன் போனையே நீட்டுவார்.

போட்டியைக் கொழும்புத் தொலைக்காட்சி ஒன்று நடத்தியது. யுத்தம் முடிந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. சனங்களுக்குச் சிரிக்கவும் கைதட்டவும் ஏதாவது வேண்டியிருந்தது. தோட்டங்களில், கடைகளில், சலூன்களில் எல்லாம் அந்த நிகழ்ச்சிதான் பேச்சு. கடைசிச் சுற்றுகளுக்கு வந்தவர்களில் மாத்தளைக்காரி அவள் ஒருத்திதான்.

அருந்ததிக்கு அப்போது இருபத்தொரு வயது. அப்பா தர்மராஜா யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க உத்தியோகத்தில் மாத்தளைக் கச்சேரிக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். அம்மா கமலாட்சி மகள் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே இறந்துபோனாள். பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும்தான். மாத்தளையில் பிறந்து வளர்ந்த மகளின் பேச்சு மலைநாட்டுப் பேச்சு, அப்பாவின் பேச்சு கடைசிவரை மாறவில்லை.

நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு. ஒவ்வொரு ஞாயிறும் விடியவே அப்பாவும் மகளும் கொழும்புக்குப் புறப்படுவார்கள். மகள் மேடைக்குப் போவாள், அப்பா பார்வையாளர் வரிசையில் வேட்டியும் சட்டையுமாக உட்கார்ந்திருப்பார்.

"பக்கத்து வீட்டுல சொல்லி ரெக்கோர்ட் பண்ணச் சொல்லுவோமா அப்பா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"நேரில கேக்கிறன் தானே பிள்ளை. பிறகென்னத்துக்கு அதைப் பிடிச்சு வைக்கிறது?"

அந்தக் கதை அத்தோடு விட்டுப்போயிற்று.

அரையிறுதியில் அவள் பாடியது பழைய சினிமாப் பாட்டு. கமலாட்சி சோறு வடிக்கும்போது வாய்க்குள் முனகும் பாட்டு. மற்றவர்கள் எல்லாரும் துள்ளிசைப் பாட்டுகளை எடுத்திருந்தார்கள். இது எடுபடாது, வேறு பாட்டு எடு என்று நிகழ்ச்சிக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை. அன்று அவள் சரணத்துக்கு வந்தபோது வாத்தியக்காரர்களே சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பாடி முடிந்ததும், வழக்கமாகக் குற்றம் கண்டுபிடிக்கும் நடுவர் எழுந்து நின்றார். பேக்கரியில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொல்றாங்க இந்தப் பாட்டில?" என்று கேட்டாராம். பாண் வாங்க வந்தவர்களில் ஒருவருக்கும் அதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லையாம்.

இறுதிப் போட்டியில் அவள் தோற்றாள். கொழும்புப் பையன் ஒருவன் வென்றான். முதல் மூன்று பேருக்கும் இசைத்தட்டுப் போடுவோம் என்று மேடையில் சொன்னார்கள். அடுத்த வருடம் புது நிகழ்ச்சி வந்தது, புது முகங்கள் வந்தன. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அருந்ததி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. சில வருடங்கள் கல்யாண மண்டபங்களிலும் கோவில் திருவிழாக்களிலும் பாடினாள். பிறகு தமிழ்ப் பாடசாலை ஒன்றில் சங்கீத ஆசிரியை வேலை கிடைத்தது. வங்கியில் வேலை செய்த பிருந்தாபனைக் கட்டினாள். அவனும் அவளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியவன்தான். மகள் நிலக்ஷி பிறந்தாள். இவ்வளவும் நல்லபடி நடந்தன.

நிலக்ஷிக்கு நாலு வயதாக இருக்கும்போது அருந்ததியின் கழுத்தில் கட்டி வந்தது. முதலில் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்துக் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் மேல் ஸ்தாயிக்குப் போக முடியாமல் போனபோதுதான் வைத்தியரிடம் போனாள். புற்றுநோய் என்றார்கள்.

வைத்தியர் ஒன்றையும் மறைக்கவில்லை. "குரலுக்குப் போற நரம்பு கட்டியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. முழுசா எடுத்தா உயிருக்குப் பயமில்ல. ஆனா குரல் மிஞ்சும்னு சொல்ல ஏலாது."

அவள் நிலக்ஷியைப் பார்த்தாள். "எடுத்துடுங்க" என்றாள்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் பிருந்தாபன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றான். "ஒரு பாட்டு மட்டும் பாடேன். சும்மா வச்சிருப்போம்."

"போகப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டுப் பாடச் சொல்றீங்களா? வேணாங்க. அப்படிப் பாடினா அது போயே போயிரும்."

பாடாமலேயே அது போயிற்று. மிஞ்சியது காற்றுச் சத்தம் மட்டும். பக்கத்தில் நின்றால் விளங்கும், அடுப்பில் எண்ணெய் பொரிந்தால் விளங்காது. மாதக்கணக்காகப் பயிற்சி கொடுத்தும் முன்னேற்றமில்லை. பாடசாலையில் அவளைக் கந்தோரில் கோப்பு எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். சங்கீத அறை கந்தோருக்கு நேர் மேலே இருந்தது. புது ஆசிரியை பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுப்பது கீழே கேட்கும். அருந்ததி மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்வாள்.

கொரோனாக் காலத்தில் தர்மராஜா இறந்தார். கடைசி நாட்களில் அவருக்குக் காது மந்தம். மகள் பேசுவது ஒன்றுமே அவருக்குக் கேட்கவில்லை. "பிள்ளை, உரத்துச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அவளுக்குக் குரல் போனது அவருக்குச் சில வேளை மறந்துவிடும்.

போன வருடம் நிலக்ஷி பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டாள். "அம்மா, நீங்க டீவீல பாடினீங்களாமே? டீச்சர் சொன்னாங்க. எனக்குக் காட்டுங்களேன்."

மகளுக்குப் பத்து வயதாகப் போகிறது. அம்மாவின் பேச்சென்றால் அவளுக்கு அந்தக் காற்றுச் சத்தம்தான். அதற்கு முந்தியது ஒன்றும் அவள் நினைவில் இல்லை.

அன்றுதான் புருஷனும் பெண்சாதியும் தேடத் தொடங்கினார்கள். கல்யாண மண்டபங்களில் அவள் பாடிய வீடியோக்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். படமெடுத்தவர்கள் மண்டபச் சத்தத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் எடுத்த வீடியோவில் பிள்ளைகளின் குரல்களுக்கு அடியில் அவள் குரல் அமுங்கிக் கிடந்தது. நிலக்ஷி கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தவை, மழையில் நனைந்து செத்த பழைய போனோடு போயிருந்தன. யூடியூபில் யாரோ ஏற்றியிருந்த அரையிறுதிப் பாட்டும் எப்போதோ அகற்றப்பட்டிருந்தது. கடைசியில் மூவருமாகக் கொழும்புக்கே போனார்கள்.

தொலைக்காட்சி நிலையத்தில் ஓர் இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். "அந்த நேரத்து டேப்புக்கு மேலயே திரும்பத் திரும்ப ரெக்கோர்ட் பண்ணியிருக்காங்க அக்கா. ஒண்ணுமே மிச்சமில்ல."

திரும்பி வரும் வழியில்தான் பிருந்தாபனுக்கு ஜிப்ரி நானாவின் ஞாபகம் வந்தது. உக்குவளையில் அந்தக் காலத்தில் கேபிள் இணைப்புக் கொடுத்தவர் அவர். இப்போது அதே கடையில் போன் திருத்துகிறார். கட்டாரில் வேலை செய்த தங்கை நூருன்னிஸாவுக்கு நிகழ்ச்சிகளை டீவீடியில் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தவர்.

ஜிப்ரி நானா கடை மேல்தட்டைக் குடைந்து பெட்டி ஒன்றை இறக்கினார். டீவீடிகளின் மேலெல்லாம் பூஞ்சணம். ஒன்றை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்தா, செமி ஃபைனல். இது அனுப்பவே இல்ல தங்கச்சி. அதுக்குள்ள நூருன்னிஸா ஊருக்கு வந்துட்டா. இன்னைக்கு வரைக்கும் யாரும் போட்டுப் பாக்கல. அல்லாஹ் ஒங்களுக்காகத்தான் வச்சிருந்திருக்கான் போல."

பழைய பிளேயரைத் தேடி எடுத்துப் பொருத்தினார். படம் வந்தது. இளஞ்சிவப்புச் சேலையில் அருந்ததி, கையில் மைக். நிலக்ஷி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அருந்ததி கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

ஜிப்ரி நானா ஒலியைக் கூட்டினார். 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் கூடியது. வயரைக் கழற்றி மாட்டினார், வேறு டீவீடி போட்டுப் பார்த்தார். அதில் விளம்பரம் பெரிய சத்தத்தில் ஓடியது. மறுபடியும் இதைப் போட்டார். அதே இரைச்சல்.

"அன்னைக்கு ஓடியோ வயர் கழண்டிருக்கும் போல..." என்றார்.

படம் ஓடிக்கொண்டேயிருந்தது. நடுவர் எழுந்து நின்றார். கமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் தர்மராஜா எழுந்து, தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். அவர் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அருந்ததி அதை அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று மேடை வெளிச்சம் கண்ணில் அடித்ததால் அவளுக்கு அப்பா தெரிந்திருக்கவில்லை.

"என்ன பாட்டும்மா அது?" என்று நிலக்ஷி கேட்டாள்.

அருந்ததி பாட்டின் முதல் வரியை அவள் காதுக்குள் சொன்னாள். ஜிப்ரி நானாவும் அதைக் கேட்டுவிட்டார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்து, படத்தை முதலிலிருந்து போட்டு, இரண்டையும் சேர்த்து ஓட விட்டார். சினிமாவில் பாடியவரின் குரல் அருந்ததியின் வாயிலிருந்து வந்தது. நிலக்ஷியின் முகம் மலர்ந்தது. "ஐயோ அம்மா, எவ்ளோ நல்லா பாடியிருக்கீங்க!"

அருந்ததி கையை நீட்டி போனை நிறுத்தினாள். "அது நானில்ல" என்றாள். கடை வாசலில் லொறி ஒன்று போய்க்கொண்டிருந்தது. மகளுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவள் ஆட்களிடம் கேட்கத் தொடங்கினாள். தெருவில் பழைய முகங்களைக் கண்டால் நிறுத்தி, கிட்டப் போய்க் கேட்பாள். நான் பாடினது ஞாபகம் இருக்கா? எப்படி இருந்துச்சு? "சூப்பரா இருந்துச்சு" என்றார்கள். "இன்னும் காதுக்குள்ளயே நிக்குது" என்றார்கள். மெல்லிய குரலா, கனத்த குரலா என்று கேட்டால், "நல்ல குரல்" என்றார்கள். பேக்கரி முதலாளி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. கடை இப்போது கைமாறிவிட்டது.

கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, போஞ்சி நறுக்கிக்கொண்டிருக்கும்போது, பிருந்தாபனிடம் கேட்டாள்.

"உண்மையச் சொல்லவா? அந்தப் பாட்டு ஞாபகமிருக்கு. நீ பாடினதும் ஞாபகமிருக்கு. நீ பிள்ளையத் தூங்க வச்சதும் ஞாபகமிருக்கு. ஆனா குரல நெனச்சுப் பாத்தா, இப்ப நீ பேசுறதுதான் வருது. எவ்ளோ யோசிச்சாலும் அந்தப் பழசு வர மாட்டேங்குது, அருந்ததி."

அவள் கோபப்படவில்லை.

"எனக்கும் வருதில்ல" என்றாள்.

முன்னறையில் நிலக்ஷி டீவீயைப் போட்டாள். அருந்ததி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, மிச்சப் போஞ்சியை நறுக்கினாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை.