பானெட்டைத் திறந்தால்

காரின் பானெட்டைத் திறந்து உள்ளே பெயின்ட் அடிப்பவனிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இதை யாரு பாக்கப் போறா?" என்பதுதான். அறுபதுகளில் விருதுநகர் வட்டாரத்தில் கார் வைத்திருந்த சிலர், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட மனமில்லாமல் என்னை வீட்டுக்கே கூப்பிடுவார்கள். மண்ணெண்ணெயால் பிசுக்கைக் கழுவி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, நான் பிரஷ்ஷைத் தொடுவதற்குள் தெருவே கூடிவிடும். பிறத்தியார் வீட்டு வாசலில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அவஸ்தையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரோட்டில் ஒரு கண்காட்சி

சாத்தூர் வக்கீல் ஒருவர் இஞ்சின் அறை முழுக்கப் பச்சை அடிக்கச் சொன்னார். அடித்து முடித்ததும் ஆசை தாங்கவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு மதுரை ரோட்டில் போனவர், ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து ரசிக்க ஆரம்பித்தார்.

எதிரே வந்த பஸ் நின்றது. கண்டக்டர் பதறி இறங்கி ஓடி வந்து, "என்ன கோளாறு?" என்றார். "ஒரு கோளாறும் இல்லை, பெயின்ட் எப்படி இருக்கு?" என்றார் வக்கீல். கண்டக்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. மூடுங்கய்யா, ஆபத்துன்னு நெனச்சு பஸ்ஸ நிறுத்திட்டேன், உள்ள புள்ளத்தாச்சி வலியில துடிக்கா."

வெள்ளிப் பொடி

தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவருக்கு இஞ்சின் வெள்ளியாகப் பளபளக்க வேண்டும். வார்னிஷில் அலுமினியப் பொடி கலக்க வேண்டும் என்றேன். "நம்ம கம்பெனியில இல்லாததா?" என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார்.

பொடி கொஞ்சம் மங்கலாக இருந்தது. எனக்குச் சந்தேகம். துளியூண்டு எடுத்து, காம்பவுண்டுக்கு வெளியே ஒரு கல்லில் வைத்து, நீளக் குச்சியில் நெருப்பைப் பற்றவைத்து நீட்டினேன். பளீரென்று ஒரு வெளிச்சம், கூடவே டப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது என் புருவம் கருகியிருந்தது. அது வெறும் அலுமினியம் இல்லை, கலந்து வைத்திருந்த பட்டாசு மருந்து.

சத்தம் கேட்டு வந்த முதலாளியின் மனைவி, நடந்ததைக் கேட்டுவிட்டு அவரிடம் ஒன்றுதான் கேட்டார்: "இதை இஞ்சின்ல பூசிக்கிட்டு எங்கன போகலாம்னு இருந்தீக, மேலோகத்துக்கா?"

பேட்டரிக்குப் பின்னால்

எம். புதுப்பட்டியில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீடு. நிறைய நிலபுலன் உள்ளவர்கள். துருவைச் சுரண்டுவதற்காக பேட்டரியைக் கழற்றினேன். பின்னால் எலிக்கூடு. பஞ்சும் தீப்பெட்டி லேபிளும் கந்தலுமாக வெளியே இழுத்தால், நடுவே ஒரு சிவப்புக்கல் தோடு.

வீட்டுக்கார அம்மாள் அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். அந்தத் தோட்டைத் திருடியதாகச் சொல்லித்தான் வீட்டு வேலைக்கு இருந்த மாரியம்மாளை விரட்டியிருந்தார்கள். இப்போது அவள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "சாட்சிக்கு வாங்க" என்று அம்மாள் என்னை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே நடந்தார்.

தோடு எலிக்கூட்டில் கிடந்த கதையை நானே சொன்னேன். "தப்பு நடந்துபோச்சு மாரி, திரும்ப வேலைக்கு வா" என்றார் அம்மாள். தோட்டை அவளிடம் நீட்டினார். மாரியம்மாள் தோட்டைத் தொடவில்லை. "தோடு கெடச்சிருச்சு, சந்தோசம். என்னையக் களவாணின்னு இந்த ஊரே சொல்லுச்சே, அந்தப் பேச்சை எந்த எலிம்மா தூக்கிட்டுப் போகும்?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற வேலைதான், ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு வர எந்த வீட்டிலும் என்னை விட்டதில்லை.