நாலாயிரம் அடியும் ஒன்றரை அடியும்

என் முழங்கால் ஜவ்வு கிழிந்தது ஒன்றரை அடி உயரத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரூரில் பாதிப் பேர் இன்னும் நான் ஆகாயத்திலிருந்து விழுந்ததாகத்தான் நம்புகிறார்கள்.

ஆகாயத்திலிருந்து குதித்தது உண்மைதான். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற அடுத்த வருடம், கர்நாடகப் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்தில் பாராசூட் பயிற்சிக்குச் சேர்ந்தேன். என்னோடு ஓய்வு பெற்றவர்களில் சிலர் காசிக்குப் போனார்கள், சிலர் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனார்கள். நான் நாலாயிரம் அடிக்குப் போனேன். பதினோரு முறை குதித்து, பதினோரு முறையும் என் காலில் நடந்துதான் வீடு திரும்பினேன்.

பிறகு ஒரு காலையில் டவுன் பஸ்ஸில் சார்நிலைக் கருவூலத்துக்குக் கிளம்பினேன். ஓய்வூதியர் நேர்காணல். அதாவது, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் காட்டிவிட்டு வருவது. பஸ் நிற்பதற்குள் இறங்கினேன். கதவுக்கு மேலே 'பேருந்து நின்றபின் இறங்கவும்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டேதான் இறங்கினேன். பாதம் தரையில் ஊன்றியது, உடம்பு பஸ்ஸோடு முன்னே போனது, முழங்கால் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஏதோ அறுபடும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

சேலத்துக்குக் காரில் கொண்டுபோனவன் என் தம்பி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளி போடுகிறவன். நான் குதிப்பது அவனுக்குப் பிடிக்காது. அதை ஊரெல்லாம் சொல்வது மட்டும் பிடிக்கும். அவசரப் பிரிவு டாக்டர், "எப்படிங்க அடிபட்டுச்சு?" என்று அவனைக் கேட்டார். அவன் அதற்குப் பதில் சொல்லுமுன் என்னை அறிமுகம் செய்தான்.

"எங்க அக்காங்க. ப்ளேன்ல இருந்து குதிக்கறவங்க. இந்த வயசுல வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே?"

டாக்டர் எழுதிக்கொண்டார். டிஸ்சார்ஜ் காகிதத்திலும் அதுவே ஏறியது: பாராசூட்டில் குதித்தபோது ஏற்பட்ட காயம். படித்த அன்றே திருத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டவுன் பஸ்ஸிலிருந்து விழுந்தவள் என்பதைவிட அது கௌரவமாக இருந்தது.

அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், பிசியோதெரபி என்று ஒரு வருடம் ஓடியது. கால் திரும்பி வந்தது. மாடிப்படி ஏறினேன், குந்தி உட்கார்ந்தேன், ஒற்றைக்காலில் நின்று பல் தேய்த்தேன். மறுபடி குதிக்க வேண்டும் என்று பயிற்சி மையத்துக்கு எழுதினேன். படிவம் வந்தது: அறுவை செய்த டாக்டரின் தகுதிச் சான்று வேண்டும், டிஸ்சார்ஜ் காகிதத்தின் நகல் இணைக்க வேண்டும். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

டாக்டர் காலை மடக்கினார், நீட்டினார், பிடித்து இழுத்துப் பார்த்தார். "நல்லா செட் ஆயிருச்சுங்கம்மா" என்றார். பிறகு காகிதத்தைப் படித்தார். திறந்த பேனாவை மூடினார்.

"குதிச்சுத்தானே கிழிஞ்சிருக்குது? மறுபடி குதிக்கறதுக்கே எப்படிங்கம்மா நான் கையெழுத்துப் போடறது?"

"பஸ்ஸுல இருந்து எறங்கறப்ப கிழிஞ்சதுங்க டாக்டர்."

"பேப்பர்ல அப்படி இல்லீங்களே."

இந்த வாக்கியத்தை முப்பத்து நாலு வருடம் நான் சொல்லியிருக்கிறேன். வாரிசுச் சான்றுக்கு வந்தவர்களிடம், பட்டாவில் அப்பா பெயர் மாறிப்போனவர்களிடம். மிகவும் மரியாதையாகச் சொல்வேன். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் அந்த மரியாதை காதில் விழுவதே இல்லை.

ஆனால் வந்தவர்கள் அழுதார்கள், நான் அழவில்லை. தவறான பதிவைத் திருத்தும் முறை எனக்குத் தெரியும். தகவல் கொடுத்தவரே தவறு என்று எழுதித் தர வேண்டும், கூட ஓர் ஆதாரம் வேண்டும். ஆதாரம் இருந்தது: பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணச்சீட்டு, தேதியும் நேரமும் அச்சிட்டது. மெஷின் சீட்டு மங்கிவிடும் என்று அப்போதே நகல் எடுத்து வைத்திருந்தேன். மீதி தம்பியின் கையெழுத்து.

போனபோது அவன் காட்டில் மரவள்ளிக் கிழங்கை டிராக்டர் டிரெய்லரில் ஏற்ற ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். எழுதிக் கொண்டுபோன காகிதத்தை நீட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தான்.

"போட மாட்டேன்க்கா. போட்டா நீ மறுபடி குதிப்ப."

"அதுக்குத்தாண்டா கேக்கறேன்."

"அறுவத்தி மூணு வயசாச்சு. ஊருல என்ன பேசிக்கறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். முக்காவாசி நீ சொல்லிக் குடுத்ததுதானே."

அடுத்த நடவுக்கு மரவள்ளிக் குச்சி ஒடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. "எறங்கறப்ப மறுபடி போச்சுன்னா? அன்னிக்கு கார்ல நீ கத்துனது இன்னும் என் காதுலயே இருக்குது" என்றான்.

நான் காலி டிரெய்லரில் ஏறி விளிம்பில் நின்றேன். இடுப்புயரத்துக்கு மேல் இருக்கும். "ஏய், என்ன பண்ற!" என்று அவன் வருவதற்குள் இரண்டு காலையும் ஒட்டவைத்து, முழங்காலை லேசாக மடக்கி, தாடையை நெஞ்சில் புதைத்துக் குதித்தேன். பாதம் பட்டதும் நிற்கப் பார்க்கக் கூடாது. கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று உடம்பை வரிசையாகத் தரையிடம் ஒப்படைத்து உருள வேண்டும். பயிற்சியின் முதல் நாள் பாடம் அது. உழுத மண்ணில் உருண்டு எழுந்தேன். சுடிதார் முழுக்கச் செம்மண்.

ஓடிவந்தவன் குனிந்து என் முழங்காலை அமுக்கிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கேட்டான்:

"ஏன்க்கா, அன்னிக்கு பஸ்ஸுல இருந்து எறங்கறப்பவும் இப்படியே உருண்டிருந்தீன்னா கால் தப்பிச்சிருக்குமில்ல?"

தப்பித்திருக்கும். ஆனால் அன்று கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டியிருந்தேன். நிறுத்தத்தில், எனக்குக் கீழே வேலை பார்த்த நாலு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னாள் துணை வட்டாட்சியர் அவர்கள் முன்னால் ரோட்டில் உருள்வதா? நிற்கப் பார்த்தேன். முழங்கால் அதில்தான் போனது. டாக்டரிடம் சொல்லாத இதைத் தம்பியிடம் சொன்னேன்.

கண்ணில் நீர் வரச் சிரித்தான். டிராக்டர் பானெட்டில் காகிதத்தை வைத்து, "எங்க போடணும்?" என்றான்.

"கீழ. தேதியும் போடு."

"வேற? கைநாட்டும் வெக்கட்டுமா?"

டாக்டர் பதிவைத் திருத்தினார், சான்றும் தந்தார். நான் நிற்கப் பார்த்த கதையைத் தம்பி அவரிடமும் சொல்லிவைத்திருந்தான்; அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: தரையிறங்கும்போது நிற்க முயலக் கூடாது.

மொரப்பூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலில் பயிற்சி மையத்துக்குப் போனோம். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று தம்பியும் கூட வந்தான். மொரப்பூர் ஸ்டேஷன் நிறுத்தத்தில் பஸ் கண்டக்டர், "எறங்குங்கம்மா, சீக்கிரம், சீக்கிரம்" என்றார். "வண்டி நிக்கட்டுங்க" என்று உட்கார்ந்திருந்தேன். முறைத்தார். நின்றபின் இறங்கினேன்.

விமானக் கதவுக்கு மேலே எந்த அறிவிப்பும் இல்லை. காற்று முகத்தில் அறைந்தது. தைத்த காலில் இல்லாத வலி ஒன்று வந்துபோனது. பயிற்சியாளர் தோளைத் தட்டினார், பிடியை விட்டேன். விமானத்தோடு கட்டியிருந்த பட்டை இழுத்துப் பாராசூட் விரிந்தது. ஒரு வருடம் மாத்திரை வாசனையிலும் ஆறுதல் வார்த்தைகளிலும் கிடந்த உடம்பு, தடுப்பாரில்லாமல் ஆகாயத்தில் தொங்கியது. கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

எனக்கு முன் குதித்தவர்கள் எல்லோரும் நின்றபடியே இறங்கியிருந்தார்கள். புல்தரை நெருங்கியபோது காற்று அடங்கியிருந்தது. நின்றுவிடலாம். கீழே நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். நான் கால்களை ஒட்டவைத்தேன். பாதம் பட்டது, உருண்டேன். இரண்டு சுற்று. எழுந்து, தலையில் ஒட்டிய புல்லோடு, பாராசூட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

தம்பி எடுத்த வீடியோ நாங்கள் ஊர் வந்து சேருமுன் அரூருக்கு வந்துவிட்டது. நான் உருளும் இடத்தோடு அது முடிந்துவிடுகிறது. எழுந்து நடந்ததை அவன் எடுக்கவில்லை, கைதட்டிக்கொண்டிருந்தானாம். நான் மறுபடியும் விழுந்துவிட்டதாகத்தான் இப்போது பேச்சு. டீக்கடையில் ஒருவர் என் முழங்காலையே பார்த்து, "இனிமேலாவது வூட்டுல இருங்கம்மா" என்றார்.

இந்தப் பதிவைத் திருத்த நான் மனு எதுவும் எழுதப் போவதில்லை. அடுத்த மாதம் குதிப்பதற்கான படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன்.