நோய் பறிக்கப் போன துவரங்காடு

எங்கள் ஆராய்ச்சிக்கு நோய் வேண்டும். கேட்டால் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். இலையில் வெளிறிய திட்டு விழும் மலட்டுத் தேமல் நோய் வந்த துவரை பூக்காது, காய்க்காது. அதைத் தாங்குகிற ரகம் வேண்டுமென்றால், இரண்டு இலை விட்ட நாற்றில் நோய் பிடித்த இலையை மடித்து வைத்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். நோயைச் சுமக்கிற, கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன் அதிலிருந்து இதற்கு ஏறும். அப்புறமும் எந்த நாற்று தெளிவாக நிற்கிறதோ, அதில்தான் எங்கள் நம்பிக்கை.

அந்தக் கார்த்திகையில் இலை தேடி பைக்கில் அலங்காநல்லூர் தாண்டிப் போனேன். சுற்றிலும் துவரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்க, ஒரு காடு மட்டும் புதர் புதராகப் பச்சை. ஒரு பூ இல்லை. சந்தோசத்தில் எனக்கு விசிலே வந்துவிட்டது.

காட்டுக்காரர் வேகமாக வந்தார். "எம்புட்டு செழிப்பு பாத்தீங்களா தம்பி? பூவு மட்டும் சுணங்குது. என்ன மருந்து அடிக்க?"

"இதுக்கு மருந்து இல்லண்ணே. பிடுங்கிருங்க, பக்கத்துக் காடாவது தப்பிக்கும். எனக்குக் கொஞ்சம் இலை வேணும், ரகம் கண்டுபிடிக்க."

இலை என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை தருவார்களே, அப்படி நினைத்திருப்பார். நல்ல இலையாகப் பார்த்துப் பறித்து நீட்டினார்.

"இது ஆகாதுண்ணே. தேமல் விழுந்ததா குடுங்க" என்று நானே பறிக்க ஆரம்பித்தேன்.

"மருந்து கேட்டா, ஆட்டுக்குக் கொழை பறிக்க வந்த ஆளு மாதிரில்ல பறிக்காரு!" என்றார் பின்னாலேயே வந்து நின்ற அவர் மனைவி. மூன்று பேரும் சிரித்தோம்.

நான் ஒட்டுச் சேர்ப்பது, தேர்வு செய்வது எல்லாம் மூச்சுவிடாமல் விளக்கினேன். காட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விதை எப்ப வரும்?" என்றார்.

"சில வருசம் ஆகும்ண்ணே."

"இந்த வருசத்துக்கு?"

இலைப் பையின் வாயைக் கட்டினேன். கட்டிய முடிச்சையே மறுபடி கட்டினேன்.

இலை நன்றாகவே வேலை செய்தது. தொட்டி தொட்டியாக நாற்றுகள் தேமல் பிடித்துச் சுருங்கின. ஓரத்தில் இரண்டு மட்டும் தெளிவாக நின்றன. நான் துள்ளிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் அவர் போன் வந்தது.

"தம்பி, ஏதும் தெரிஞ்சுச்சா? இன்னும் பிடுங்கல. மார்கழிப் பனிக்குப் பூக்குதான்னு பாக்கேன்."

"பூக்காதுண்ணே."

"சரி... இன்னும் இலை வேணும்னா வாங்க."

அடுத்த தொட்டிகளுக்கு வேண்டித்தான் இருந்தது.

"வாரேண்ணே" என்றேன்.