துபாய் அடுப்பும் மரகதம் டீச்சரும்

செய்தி வந்தபோது நான் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஆலங்குடி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். நம் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் மரகதம் டீச்சரின் படம், கீழே காலமானார் என்று ஒரு வரி. காலையில் பால் ஊற்ற வந்தவர் கதவு திறக்காததைப் பார்த்து அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கிறார். வண்டி வருவதற்குள் அந்தப் படத்துக்குக் கீழே கும்பிடும் கைகளாக வந்து நிறைந்துவிட்டன. நான் மட்டும் போடவில்லை. கவனித்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தீர்களோ தெரியாது. அவரைப் பற்றி உங்கள் எல்லோரிடமும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் கை கூப்ப எனக்கு மனம் வரவில்லை.

அவர் வேதியியல், நான் வரலாறு. இருபது வருடம் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருடைய கணவர் துபாயிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது சாமான்களோடு ஒரு பார்பிக்யூ அடுப்பையும் கொண்டுவந்தார். மூன்று கால், வட்டமான இரும்புத் தொட்டி, மேலே மூடி, அடியில் காற்று போக ஓட்டைகள். துபாய் அடுப்பு என்று அதற்குப் பேர் வைத்தது நாம்தான். ஞாயிறுதோறும் வீட்டுத் தோட்டத்தில் கணவர் கோழி சுடுவார். இரண்டு வருடம்தான் சுட்டார், பிறகு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வெளிநாட்டில். அடுப்பு பழைய இரும்புக்குப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்கு வந்த டீச்சர் ஒரு நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டே, "ஞாயித்துக்கெழம சாயங்காலம் சும்மாதானே இருப்பீங்க, வீட்டுக்கு வாங்க" என்றார். நான் சும்மாதான் இருப்பேன் என்பது ஊருக்கே தெரியும். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவளுக்கு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது, அவருக்கு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

கணவர் அடுப்பைத் தென்னைமரத்தடியில் வைத்திருந்தார். டீச்சர் முதல் காரியமாக அதை இழுத்துவந்து வீட்டுக்கும் மரத்துக்கும் எட்ட, வெட்டவெளியில், கால் ஆடாத தரையாகப் பார்த்து வைத்தார். மேலே காய்ந்த மட்டை தொங்குகிறது, கீழே தீயா என்று போன மனிதரைத் திட்டிக்கொண்டே வைத்தார். சுற்றிலும் சருகு பெருக்குவார். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். நூல் புடவைதான், முந்தானை இடுப்பில் இறுகச் செருகியிருக்கும். கொட்டாங்கச்சியில் தீ பிடித்து அதன்மேல் கருவேலங்கரியை அடுக்கிவிட்டு, கரியின் மேல் வெள்ளை பூக்கும்வரை அரைமணி நேரம் காத்திருப்போம். பிறகு நாலு கோழி சுடலாம் என்கிற அந்தப் பெரிய கம்பித்தட்டின் நடுவே ஒரே ஒரு கத்தரிக்காயை வைப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அவரும் சிரித்துவிடுவார். அதிகம் பேச மாட்டோம். வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திய இரண்டு தொண்டைகளுக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஒருமுறை எல்லோரையும் கூப்பிட்டாரே, நினைவிருக்கும். நம் உடற்கல்வி ஆசிரியர், கரி பிடிக்க நேரமாகிறது என்று வண்டிப் பெட்டியிலிருந்து மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்தார். டீச்சர் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகி அவர் கையிலேயே கொடுத்து, "சொக்கப்பனை கொளுத்தவா வந்தீங்க, சார்? கொண்டுபோய் வண்டியிலயே வச்சிட்டு வந்து உக்காருங்க" என்றார். நாமெல்லாம் சிரித்தோம். சார் கரி வெளுக்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிட்டார்.

இன்னொரு ஞாயிறு தூறல் போட்டது. கார் நிறுத்தும் கொட்டகைக்குள் அடுப்பைத் தள்ளிவிடலாம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "பொக வந்தா கண்ணு எரியும், எந்திரிச்சி ஓடிருவோம். கரி விடுற வாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது டீச்சர். அப்படியே தூங்க வச்சிரும்." மூடியைப் போட்டு, அடி ஓட்டைகளை அடைத்துத் தீயை அவித்தோம். பாதி வெந்த கத்தரிக்காயைக் குடைக்குள் நின்று தின்றோம். வழவழவென்று இருந்தது.

இனி நான் சொல்ல வேண்டியது. அவர் ஓய்வு பெறும் வருடம், கையில் பெரிய கட்டோடு பள்ளிக்கு வந்தாரே, அது என்னால் வந்தது.

கந்தர்வக்கோட்டையில் தம்பிக்கு முந்திரித்தோப்பு இருக்கிறது. உடைத்த கொட்டையின் ஓடு எப்படி எரியும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். அந்த அரைமணிக் காத்திருப்பு எனக்கு என்றுமே பொறுக்காது. ஒரு பை நிறைய ஓடு கொண்டுபோயிருந்தேன். டீச்சர் காய் எடுத்துவர உள்ளே போன நேரத்தில் இரண்டு கை அள்ளிக் கரியில் போட்டேன். ஓட்டில் இருந்த எண்ணெய் கொதித்து, ஆளுயரத்துக்குத் தீ எழும்பியது. கரும்புகையில் எனக்குக் கண் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். டீச்சர் உள்ளிருந்து ஓடிவந்தார். "அங்கிட்டு போங்க" என்று ஒரு கையால் என்னைத் தள்ளிவிட்டு மறுகையால் அவர் மூடியைப் போட்டார். எண்ணெய் சடசடவென்று தெறித்து, முழங்கை வரைக்கும் தோல் வெந்துவிட்டது. நான் பற்பசை எடுக்க ஓடினேன். அதெல்லாம் வேண்டாம், குழாயைத் திறங்கள் என்றார். வெகுநேரம் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆட்டோ வந்தபோதும் மூடியை யாரும் திறக்க வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் ஆசிரியர் அறையில் கேட்டவர்களுக்கெல்லாம், என் கவனக்குறைவு, எண்ணெய் தெறித்துவிட்டது என்றார். வேதியியல் டீச்சரே சுட்டுக்கொண்டார் என்று நீங்கள் கேலி செய்தீர்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். நான் பக்கத்து நாற்காலியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. அதன்பிறகு ஞாயிறு வந்தால் எனக்குத் தலைவலி, தம்பி வீட்டு விசேஷம், இப்படி ஏதாவது ஒன்று. அவர் ஓய்வு பெற்றுப் போனதும் ஒளிவது இன்னும் சுலபமாயிற்று.

போன வருடம் என் பணி ஓய்வு விழாவுக்கு வந்திருந்தார். கூட்டம் கலைந்தபோது என்னை ஓரமாக அழைத்துப் போனார். புடவைக்குள் மறைத்து வைத்திருந்த கையை நீட்டிக் காட்டினார். தோல் சுருங்கி வெளுத்திருந்தது.

"கை எப்பவோ ஆறிப்போச்சு டீச்சர். நீங்கதான் வரல."

வாரேன் டீச்சர், கண்டிப்பா வாரேன் என்றேன். போகவில்லை. போனால் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டால் அழுதுவிடுவேன், இந்த வயதில் அது வேண்டாம் என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி யோசித்தேன்.

துக்கத்துக்குப் போனவள் எல்லோரும் கிளம்பிய பிறகு தோட்டத்துப் பக்கம் போனேன். அடுப்பு உறை போட்டு நின்றது. உறையைத் தூக்கினால் ஒரு பொட்டுத் துரு இல்லை. கம்பித்தட்டில் கடலை எண்ணெய் பளபளத்தது. உள்ளே சாம்பல் துளிகூட இல்லை. பக்கத்தில் தையல் பிரிக்காத கரிமூட்டை. வீட்டு வேலை பார்க்கும் செல்லம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். டீச்சர் கடைசியாக எப்போது இதை மூட்டினார் என்று கேட்டேன்.

"அது பத்த வச்சி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. ஞாயித்துக்கெழமையானா பிரஷ்ஷ போட்டுத் தேச்சி, எண்ணெய தடவி மூடி வப்பாங்க. பத்த வைக்கலாம்லனு கேப்பேன். தனி ஆளா தீ மூட்டக் கூடாது செல்லம், அந்த டீச்சர் வரட்டும்பாங்க."

செல்லத்துக்கு அந்த டீச்சர் நான்தான் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்துவிட்டு, அங்கே உட்கார்ந்து அழுதேன்.

அவர் மகனிடம் கேட்டு அடுப்பை வாங்கிவந்துவிட்டேன். இப்போது என் வீட்டுப் பின்புறம், மரமில்லாத இடத்தில் இருக்கிறது. போன ஞாயிறு சருகு பெருக்கி, இரண்டு வாளியும் நிரப்பி, கரி அடுக்கி, தீப்பெட்டியோடு நின்றேன். தனி ஆளாக மூட்ட எனக்குக் கை வரவில்லை. கரியை எடுத்துத் திரும்ப மூட்டையில் போட்டேன்.

மரகதம் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த அடுப்பும் அவர் சொன்ன அந்த ஒரு விதியும்தான். அதனால் கேட்கிறேன், வருகிற ஞாயிறு நம்மில் யாராவது ஒருவர் சாயங்காலம் வாருங்கள். காய் நான் வாங்கி வைக்கிறேன். என்னோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் போதும்.