நல்ல நேரம் போவுது

நெரவியிலிருந்து காரைக்காலுக்கு வீடு மாறினோம். வழியில் மழை பிடித்து மெத்தை நனைந்துவிட்டது. சாமான் ஏற்றி வந்த குட்டியானை வண்டியின் டிரைவர் நரைத்த மீசைக்காரர். யாரிடம் பேசினாலும் முகம் பார்க்காமல், சாமான் கட்டிய கயிற்றையே இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புது வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார். "அட்வான்ஸ் பாக்கிய வச்சாத்தான் சாமான் எறங்கும்."

பழைய வீட்டுக்காரர் எங்கள் பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாமான் கெடக்கட்டுங்க," என்றார் டிரைவர், கயிற்றைப் பார்த்தபடி. "நல்ல நேரம் போவுது. அடுப்ப மட்டும் எறக்கறேன், தங்கச்சி பால் காய்ச்சிக்கட்டும்."

நல்ல நேரத்தைத் தடுக்க வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. பால் பொங்கியதும் முதல் டம்ளரை அவருக்கே கொடுத்தோம். குடித்து முடித்தவர், "சரி, அடுத்த வாரம் கொடுங்க," என்றார்.

டிரைவரிடம் சொல்ல வெளியே ஓடினேன். பாதிச் சாமான் ஏற்கெனவே வாசலில் இறங்கியிருந்தது. அடுத்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.