ஒரு நாள் வரும்படி

யுத்தம் முடிந்த புதிது. திருத்தணி மலைப்படி அடிவாரத்தில் நான் சோடாக்கடை வைத்திருந்தேன். ஆடிக் கிருத்திகை அன்று பட்டணத்திலிருந்து சோடா மெஷின் விற்கும் கம்பெனி ஏஜெண்டு ஒருவர் வந்தார். காவடிக் கூட்டத்தில் மூச்சுவிட இடமில்லை. நானும் மைத்துனர்கள் இருவரும் கை ஓயாமல் சோடா உடைத்துக் கொடுத்தோம். சாயங்காலம் ஏஜெண்டு, "இன்னிக்கு எவ்ளோ விழுந்துச்சு?" என்றார்.

"முப்பது ரூபாங்க" என்றேன். பெருமைக்கு என்ன குறைச்சல்!

அடுத்த மாதமே நோட்டீசு அடித்துவிட்டார்கள். 'திருத்தணி சோடாக்கடைக்காரர் ஒரே நாளில் முப்பது ரூபாய் பார்த்தார். நீங்களும் பார்க்கலாம்!' கூடவே எனக்கு ஒரு டஜன் புது சீசா இனாம். விசாரிக்க வருகிறவர்களிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டுமாம். அச்சடித்ததில் பொய் ஒன்றுமில்லையே என்று வாங்கி அடுக்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு குடியானவர் வந்தார். மடியிலிருந்து நோட்டீசை எடுத்தார்.

"நீங்கதானுங்களா இது?"

"ஆங், நான்தான்."

"நெசமா முப்பது ரூபா வருதுங்களா? மெஷின் வாங்கறதுக்கு உழவு மாட்ட நாளைக்கு சந்தைக்கு ஓட்டினு போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் மேல் வந்த கோபத்தை அவர் மேல் காட்டினேன். "யோவ், உழவு மாட்டயா விப்ப? புத்தி கெட்டுப்போச்சா? இங்கயே குந்து. பொழுது சாயற வரைக்கும் பாத்துகினு இரு."

உட்கார்ந்தார். இருட்டுவதற்குள் ஐந்து சோடா விற்றது. அதில் ஒன்று அவர் குடித்தது. முப்பது ரூபாய் கிருத்திகைக்கு மட்டும்தான், அதிலும் கேஸ், ஐஸ், உடைந்த சீசா, மைத்துனர்கள் கூலி எல்லாம் போக நின்றது பாதிகூட இல்லை என்று அப்புறம்தான் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாடு பொழச்சுதுங்க" என்று எழுந்தார். "நான் வந்து கேட்டேன். கேக்காதவன் என்னா பண்ணுவான்?"

மறுநாளே பன்னிரண்டு சீசாவையும் ரயிலில் திருப்பி அனுப்பினேன். 'ஆடிக் கிருத்திகை அன்று மட்டும்' என்று நோட்டீசில் சேர்க்கச் சொல்லிக் கடுதாசியும் எழுதினேன். பதில் இல்லை.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குப் படியோரம் நாலு புதுக்கடைகள். ஒன்றிலிருந்து யாரோ கைதட்டிக் கூப்பிட்டார். அம்மையார்குப்பத்துக்காரராம்.

"அண்ணா, உங்க நோட்டீச பாத்துதாங்க தறிய வித்துட்டு எறங்கினேன்!" முகமெல்லாம் சிரிப்பு. சோடா உடைத்துக் கையில் திணித்தார். அரையணா நீட்டினேன்.

"உங்க கிட்ட போயி காசு வாங்குவனா?" என்றவர், அடுத்த சீசாவை எடுத்துக்கொண்டே கேட்டார்: "கிருத்திகத் தெப்பம் முடிஞ்சும் கூட்டம் இப்டியே வருமில்லண்ணா?"

பாதி சோடா இன்னும் சீசாவில் இருந்தது.

"வராதுப்பா" என்றேன்.