சீமை எலிக்காக நான் இருந்த பத்தியம்

கல்யாணமான புதிதில் என் கணவர் கொழும்பிலிருந்து எனக்கு ஒரு கினிப் பன்றியைக் கொண்டுவந்தார். பெயரில் பன்றி இருப்பது தெரிந்தால் எங்கள் முஸ்லிம் வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டார்கள் என்பதால், எங்கள் ஊரான புதுமடத்தில் அது சீமை எலி ஆனது.

அவர் கடையைப் பார்க்கக் கொழும்புக்குத் திரும்பியதும் எலிக்குச் சளி பிடித்து மூச்சு இரைத்தது. கணவரின் அம்மாவான மாமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அதைக் கூடையில் வைத்து ராமநாதபுரம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஒரு கேப்சூலைப் பிரித்துச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார்.

"இந்த மருந்து பசியைக் கெடுக்கும்மா. கூடவே நெல்லிக்காய்ச் சாறும் பச்சைப் புல்லும் கொடுத்தாத்தான் தாங்கும்."

பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரைக் கழுவிச் சாற்றைப் புகட்டினேன். முதல் வாயை என் முகத்திலேயே தும்மியது. நான் அதோடு நின்றிருக்கலாம். எங்கள் பக்கம் கைப்பிள்ளை மருந்து சாப்பிட்டால் தாய் பத்தியம் இருப்பாள். நானும் மீனை விட்டேன், புளியை விட்டேன். வெறும் சோற்றைத் தின்றுவிட்டுப் பெரிய தியாகி மாதிரி வீட்டுக்குள் திரிந்தேன்.

விளைமீன் குழம்பு, எங்கள் பேச்சில் ஆணம், கொதித்த ஒரு மத்தியானம் மாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்புள்ள, அது ஒங்கிட்டயா பால் குடிக்குது?"

எலி அதற்குள் தேறிப் புல்லைக் கொறித்துக்கொண்டிருந்தது. தலை சுற்றி உட்கார்ந்தது நான்தான். மாமி மிச்சமிருந்த நெல்லிச்சாற்றை எடுத்து, டம்ளர் தேடப் பொறுமையில்லாமல், அதே பில்லரால் என் வாயில் விட்டார். எலியைப் போலத் தும்ம எனக்குத் தைரியம் வரவில்லை.